ஞாயிற்றுக்கிழமை சன்னாசியும் புதன்கிழமை சன்னாசியும்

1979ஆம் ஆண்டு மெர்டேக்கா சுதந்திர தின விடுமுறைக்குப் பங்கோர் தீவுக்குப் போன லோரி ஓட்டுநர் சன்னாசி, அங்கிருந்து இரண்டு தடவை வீடு திரும்பினான். முதல் தடவை செப்டம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு, மனைவி நவமணியோடு, கையில் ஒரு பொட்டலம் கருவாட்டோடு வந்தான். இரண்டாம் தடவை ஐந்தாம் தேதி, புதன்கிழமை காலை பத்தரைக்கு, தனியாக, காலில் துணி கட்டிக்கொண்டு வந்தான். இடைப்பட்ட மூன்று நாளும் அவன் கல் குவாரிக்கு வேலைக்குப் போய் வந்ததைத் தவிர வேறெங்கும் போகவில்லை. புதன்கிழமை அவன் வாசலில் வந்து நின்றபோதும், இரவு வேலை முடிந்து வீட்டுக்குள்தான் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அதே வாரம் சீனி விலை ஏறியதால் ஈப்போ புந்தோங் வட்டாரத்தில் சீனியைப் பற்றிய பேச்சுதான் அதிகமாக இருந்தது.

நவமணிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஒரு சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அவளும் சன்னாசியும் பீடோருக்குப் பக்கத்தில் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக்கி விற்றபோது, கல்யாணமான கையோடு புந்தோங்குக்கு வந்து பலகை வீடொன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். பதினோரு வருஷமாகப் பிள்ளை இல்லை. விடுமுறை என்று வெளியூர் போனதெல்லாம் ஏதாவது கோயில் திருவிழாவுக்கு, இல்லாவிட்டால் யாராவது சாவுக்கு. இருவரும் கடலைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று நினைத்ததுமில்லை. சிம்பாங் பூலாய்ப் பக்கம் சன்னாசி வேலை பார்த்த குவாரியின் ஆண்டு விருந்தில் சீட்டுக் குலுக்கியபோது, பங்கோர் கடற்கரை ஹோட்டலில் இரண்டு பேருக்கு இரண்டு இரவு, சாப்பாட்டோடு, என்ற இரண்டாம் பரிசு அவனுக்கு விழுந்தது. மூன்றாம் பரிசு மின்விசிறி. சன்னாசி மேடைக்குப் போய், இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொள்ளலாமா என்று பணிவாகக் கேட்டான். முடியாது என்றார்கள். சரி என்று உறையை வாங்கிக்கொண்டு இறங்கினான்.

அவன் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் சரி என்று கேட்டுக்கொள்கிற ஆள். வேலையிடத்தில் மேஸ்திரி மண்டோர் சொன்னால் செய்வான், வீட்டுக்காரர் சொன்னால் செய்வான், நவமணி சொல்லப் போவதைச் சொல்லும் முன்பே செய்துவிடுவான். அவளுக்கு அது பிடித்திருந்தது. சில நாள் அதுவே எரிச்சலாகவும் இருந்தது. ஆனால் லுமூட் துறையில் படகு ஏறிய மறு நிமிஷமே அவன் வேறு ஆளானான். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராமல் முன்பக்கம் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். தீவில் கூரையில்லாத பழைய டச்சுக் கோட்டையின் செங்கல் சுவர்மேல் ஏறி நடந்தான். தீவைச் சுற்றிக்காட்டும் படகில் போனபோது, கால் நட்டுக் கட்டிய மீனவர் வீடுகளையும் பாயில் காயும் நெத்திலியையும் பார்த்து அவர்களோடு மலாயில் கதை பேசினான். வாடகைக்குக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தவன், நவமணி நாற்பது எண்ணும்வரை எடுக்கவில்லை. எடுத்ததும், “நம்ம வூட்டுக் கதவு கலர்ல ஒரு மீனு போவுது, புள்ள. நீயும் பாரேன்” என்றான். அவள் பார்க்கவில்லை. திரும்பிப் போகிற டிக்கெட்டும் பணமும் இருந்த கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மலைப்பாதையில் ஏறி மறுபக்கக் கடற்கரைக்கு இறங்கியபோது ஒரு குரங்கு அவர்களுடைய வாழைப்பழச் சீப்பைப் பறித்துக்கொண்டு ஓடியது. சன்னாசி அதன் பின்னாலேயே காட்டுக்குள் ஓடி, பாதிச் சீப்போடு சிரித்துக்கொண்டே வந்தான். பதினோரு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் முள்கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “இங்கயே இருந்துட்டா என்னா?” என்று கேட்டான். “அப்ப வேலைக்கு யாரு போவா?” என்றாள் அவள். கேட்டுவிட்டு, தான் சொன்னது சரிதானா என்று வெகுநேரம் யோசித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஹோட்டலுக்கு எதிரே கடல் உள்வாங்கியிருந்தது. சற்றுத் தள்ளி இருந்த குட்டித் தீவுக்கும் கரைக்கும் நடுவில் மணல்திட்டு ஒன்று எழுந்து கிடந்தது. முழங்கால் ஆழம்தான், நடந்தே போகலாம் என்றார்கள். வெள்ளைக்காரப் பையன்கள் சிலர் காலையிலேயே போய் வந்துவிட்டார்கள். சன்னாசி கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினான். நவமணி கரையில் நின்றாள். அவன் பாதி தூரம் போயிருப்பான். கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் வானத்தையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு, நீர் ஏறப் போகிறது, கூப்பிடு என்று கையைக் காட்டினார். அவள், “ஏங்க! ஏங்க!” என்று கத்தினாள். கரையில் நின்ற இரண்டு தமிழ் ஆண்கள் திரும்பிப் பார்த்தார்கள், சன்னாசி திரும்பவில்லை. தண்ணீர் திட்டின் இரு ஓரத்தையும் நக்கத் தொடங்கியிருந்தது. அவள் கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியத்தைச் செய்தாள். “சன்னாசி!” என்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அவன் நின்றான், திரும்பினான், வந்தான். காலைத் துடைத்துக்கொண்டான். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இன்னொன்றும் ஞாபகம் இருந்தது, ஆனால் அதை அன்று அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை: அவன் தன்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தபோது, வெயிலில் கண் கூசிய அந்தப் பக்கத்தில், குட்டித் தீவின் பாறையில் யாரோ ஒரு ஆள் ஏறிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை வாசலில் நிழல் தட்டியதும், அன்று தொழிற்சாலையில் மதிய முறையாக இருந்த நவமணி அகப்பையோடு வெளியே வந்தாள். நின்றவனைப் பார்த்தாள். “இப்பதானலா சாப்ட்டுப் படுத்தீங்க. எப்ப வெளிய போனீங்க?” என்றாள்.

“என்னா பேசுற நீ?” என்றான் அவன். அவன்மேல் நெத்திலி வாடை அடித்தது. “என்னை ஏன் விட்டுட்டு வந்த? அத மொதல்ல சொல்லு.”

அவன் சொன்ன கதை இதுதான். குட்டித் தீவுக்குப் போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் ஏறிவிட்டது. கை ஆட்டினான், யாரும் பார்க்கவில்லை. ராத்திரி நீர் வற்றியபோது இருட்டில் இறங்கப் பயந்து அங்கேயே கிடந்தான். திங்கட்கிழமை காலை இறங்கி வந்து ஹோட்டலில் கேட்டால், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நேற்று மத்தியானப் படகில் போய்விட்டார்களே என்றார்கள். பணமெல்லாம் அவள் பையில். படகுக்கும் பஸ்ஸுக்கும் வேண்டி இரண்டு நாள் நெத்திலி காயப்போட்டுவிட்டு வந்தான். அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அதுதான் அவளைக் குழப்பியது. பொய் சொல்லியிருந்தால் விரட்டியிருப்பாள்.

பேச்சுச் சத்தத்தில் உள்ளே தூங்கிக்கொண்டிருந்த சன்னாசி கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தான். இருவரும் ஒருவரை ஒருவர் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்கள். பிறகு உள்ளேயிருந்து வந்தவன், “காலுக்கு என்னா?” என்றான். “சிப்பி கிழிச்சிருச்சு.” “மஞ்சப் பத்துப் போடணும். ஒக்காரு” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டான். நவமணி அடுப்பில் இன்னும் ஒரு டம்ளர் அரிசியைப் போட்டாள்.

பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்கா வந்து இருவரையும் முன் அறையில் எதிரெதிரே உட்காரவைத்து விசாரித்தாள். செல்லாயி அக்கா கச்சாங் பூத்தே கடலை வறுத்து விற்கிறவள், மூட்டைக் கடலையில் சொத்தைக் கடலையைக் கண்ணாலேயே பொறுக்குகிறவள். கல்யாணச் சேலையின் நிறம், தோட்டத்து லயத்தில் வீட்டு நம்பர், நவமணி முதன்முதலாகச் சமைத்துக் கருக்கிய குழம்பு, எல்லாவற்றுக்கும் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஒரு கேள்விக்கு மட்டும் இருவருமே வெட்கப்பட்டு வாயைத் திறக்கவில்லை. மணல்திட்டின் பாதிவரைக்கும் இருவருக்கும் ஒரே ஞாபகம். அதற்கப்புறம்தான் பிரிந்தது. “அவ பேர் சொல்லிக் கூப்ட்டா. திரும்பிட்டேன்” என்றான் ஞாயிற்றுக்கிழமை வந்தவன். புதன்கிழமை வந்தவன் நவமணியைப் பார்த்தான். “எனக்கும் கேட்டுச்சு. யாரோ சன்னாசின்னு கூப்புடுறாங்க, வேற யாரோ சன்னாசி போலன்னு நெனச்சேன். நீ எங்க என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்ட?” செல்லாயி அக்கா எழுந்து முந்தானையை உதறினாள். “ரெண்டும் ஒன் புருசந்தான், நவமணி. எனக்கு வறுக்குற வேலை கெடக்கு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து புந்தோங்கில் அவர்களை ஞாயிற்றுக்கிழமை சன்னாசி, புதன்கிழமை சன்னாசி என்று பிரித்துச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் மூவரும் பதிவு இலாகாவுக்குப் போய் ஒரே வரிசையில் நின்றார்கள். இருவரிடமும் ஒரே எண்ணுள்ள அடையாளக் கார்டு இருந்தது. இரண்டிலும் ஒரே மூலை மடங்கியிருந்தது. அங்கே குமாஸ்தாவாக இருந்த மயில்வாகனம் யாழ்ப்பாணத்தார், கோப்புகளில் கெட்டிக்காரர். இரண்டு கார்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பெருவிரல் ரேகையை ஒப்பிட்டார், கோப்பை வரவழைத்துப் பார்த்தார். “இதில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை” என்றார் நவமணியிடம். “ஒரு நம்பர், ஒரு ரேகை, ஒரு ஆள். கோப்பில ஒரு ஆள்தான் இருக்கிறார். இஞ்ச ரெண்டு பேர் நிக்கினம் எண்டால் அது கோப்பின்ர பிரச்சினை இல்லை.” கார்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தொலைத்துவிடாதீர்கள், புதிதாக எடுக்கத் தண்டம் கட்ட வேண்டிவரும் என்று மட்டும் எச்சரித்தார்.

நவமணிக்குப் பெரிய பயம் பாவத்தைப் பற்றித்தான். மாரியம்மன் கோயில் பூசாரி பிச்சைமுத்துவிடம் போய்த் தனியாகக் கேட்டாள். அவர் கற்பூரத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, “கழுத்துல தாலி எத்தன?” என்றார். ஒன்று என்றாள். “முடிச்சு?” மூன்று என்றாள். “அப்ப சரியாத்தான் இருக்கு. போயி வெளக்கு ஏத்து” என்றார். அவள் விளக்கு ஏற்றினாள். பயம் முழுவதும் போகவில்லை. ஆனால் தினமும் பயப்பட அவளுக்கு நேரமும் இல்லை. குவாரியில் சீன மேற்பார்வையாளர் ஒரு வாரம் தலையைச் சொறிந்துவிட்டு, பகலுக்கு ஒருவன், இரவுக்கு ஒருவன் என்று வைத்துக்கொண்டார். சம்பளப் புத்தகத்தில் சன்னாசி இரட்டை வேலை பார்க்கிற உழைப்பாளி என்று பேர் வாங்கினான். வீட்டிலும் அப்படியே ஆயிற்று. ஒருவன் வரும்போது மற்றவன் போனான். இருவரும் ஒன்றாக இருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். அன்று ஒருவன் கூரையைச் சரி செய்தான், மற்றவன் கீழே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தான்.

ஆனால் அவர்கள் ஒரே ஆளாக இல்லை. தீவிலிருந்து அவளோடு வந்தவன் பழைய சன்னாசியாகவே இருந்தான்; சொன்னதைச் செய்தான், சொல்லாததையும் செய்தான், தண்ணீரைக் கண்டால் ஒதுங்கினான். பிறகு வந்தவன் சில நாள் மூன்று மணிக்கு வரவேண்டியவன் ஆறு மணிக்கு வந்தான். கேட்டால், குகைக்கோயில் குன்றின் பின்னால் ஒரு சுனை இருக்கிறது, பார்த்துவிட்டு வந்தேன் என்றான். முதல் வருஷம் நவமணி அவனோடு அதிகம் பேசவில்லை. தான் விட்டுவிட்டு வந்த ஆளின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று இருந்தது. இரண்டாம் வருஷம், சோறு போட்டுக்கொண்டே, “அந்தக் குட்டித் தீவுல என்னாதான் இருந்துச்சு?” என்று கேட்டாள். “ஒண்ணும் இல்லலா. பாறை. நண்டு. பறவை எச்சம். அந்தப் பக்கம் எறங்குனா ஒரு சின்ன கடக்கரை, அதுல ஒரு செருப்பு, ஒத்தச் செருப்பு.” அவள் சிரித்தாள். மறுநாளும் கேட்டாள். அவன் மறுநாளும் சொன்னான். கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஒன்றுமில்லாத தீவில் பார்க்க நிறைய இருந்தது. விடியவிடிய ஒலித்த ஏதோ பறவைச் சத்தம், பாறையிடுக்கில் மழைத்தண்ணீர், தொலைவில் போன கப்பலின் விளக்கு. அவள் அந்தக் கதைக்காக அவனுடைய முறை வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை ஞாயிற்றுக்கிழமை சன்னாசி கவனித்தான்.

1982இல் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பேர் என்ற இடத்தில் சன்னாசி என்று எழுதினார்கள். அவர்களுடைய வாழ்க்கையில் கொஞ்சமும் குழப்பமில்லாமல் நடந்த காரியம் அது ஒன்றுதான். பாப்பா என்று கூப்பிட்டார்கள். ஒரு அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் போனார், இன்னொரு அப்பா அவள் திரும்பி வரும்வரை வாசலில் நின்றார். உலகத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

1986இல் ஒரு காலை, ஞாயிற்றுக்கிழமை சன்னாசி இரவு வேலையிலிருந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்தான். “நவமணி, அன்னிக்கு நீ கூப்ட்டப்ப நான் திரும்பாமப் போயிருந்தா ஒனக்கு நல்லா இருந்திருக்குமா?” என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை, விலை கேட்பது போலக் கேட்டான். அவள் வாயைத் திறப்பதற்குள் பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைத்தாள், துடைத்தாள், பாப்பாவுக்கு ஆற்றிக் கொடுத்தாள். திரும்பியபோது அவன் படுக்கப் போய்விட்டான். மாலையில் சொல்லலாம் என்று நினைத்தாள். மாலையில் அவள் தொழிற்சாலையிலிருந்து வருமுன் அவன் வேலைக்குப் போய்விட்டான். மறுநாள் விடிகாலை கல் ஏற்றிக்கொண்டு வருகையில் ஸ்டியரிங்கிலேயே மார்பு அடைத்து இறந்தான். லோரியை ஓரம் கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் இறந்திருக்கிறான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

புந்தோங்கில் அந்தச் சாவுக்குக் கூட்டம் அதிகம். நவமணி தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். குனிந்து அவன் காதருகில், “நீங்க திரும்பி வந்ததுதான் நல்லது” என்றாள். அது உண்மையா என்று அவளுக்கு அப்போதும் தெரியவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் அனுப்ப அவளால் முடியவில்லை. எதிரே புதன்கிழமை சன்னாசி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மொட்டை போட்டுக்கொண்டு கொள்ளிச்சட்டி தூக்கினான். சன்னாசிக்குச் சன்னாசியே கொள்ளி வைத்தான். பதினாறாம் நாள் தாலி வாங்கும் சடங்குக்குப் பெண்கள் வந்தபோது நவமணி வாசலிலேயே நின்று, “அவரு உள்ள பல்லு வெளக்கிட்டு இருக்காரு, அக்கா” என்றாள். செல்லாயி அக்கா எட்டிப் பார்த்தாள். உண்மைதான். மற்றப் பெண்கள் பாயில் உட்கார்ந்தார்கள். காப்பி குடித்துவிட்டுக் கலைந்து போனார்கள்.

மரணப் பத்திரத்தில் அடையாளக் கார்டு எண் ஏறியது. அதனால் உயிரோடு இருந்த சன்னாசியும் அரசாங்கக் கணக்கில் இறந்துபோனான். லைசன்ஸ் புதுப்பிக்க முடியவில்லை. குவாரியிலும் செத்த ஆளை வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். பதிவு இலாகாவில் மயில்வாகனத்துக்கு அப்போது ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. கோப்பைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார். “நான் இதை எழுதினால் எனக்குப் பின்னால வாறவன் குழம்பிப் போவான். விடுங்கோ, தம்பி. இருக்கிற ஆளுக்கு இருக்கிறதுக்குப் பத்திரம் தேவையில்லை” என்றார். சன்னாசி செல்லாயி அக்காவின் கொட்டகையில் கடலை வறுக்கப் போனான். நவமணிக்குத் தொழிலாளர் காப்புறுதியான சொக்சோவிலிருந்து விதவைப் பணம் வந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரி, மறுமணம் செய்துகொண்டீர்களா என்று கேட்பார். இல்லை என்பாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சன்னாசியும் இல்லை என்று தலையாட்டுவான்.

ஒரு வருஷத்துக்கும் மேல் அவள் அழுதாள். அழுதுகொண்டே இவனுக்குச் சோறு போட்டாள். குட்டித் தீவின் கதையைக் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. செத்தவனை நினைத்து அழுகிறாளா, சாவு வீட்டில் உயிரோடு இருப்பவன் காது கேட்க அப்படிச் சொன்னதற்கு அழுகிறாளா என்று அவளுக்கே விளங்கவில்லை. ஒருநாள் அவன் அடுப்படியில் வந்து உட்கார்ந்து, “எனக்கும் அவன் இல்லாம என்னமோ மாதிரிதான் இருக்கு, புள்ள” என்றான். “ஞாயித்துக்கெழம கூரை மேல ஏறுனா ஆணி எடுத்துக் குடுக்க ஆளில்ல.” அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஏணி வைத்தபோது கீழே அவள் நின்றாள்.

1988இல் பாப்பாவை முதலாம் வகுப்புக்குப் பதியத் தமிழ்ப்பள்ளிக்கு அழைத்துப் போனாள். நவமணி மேசைமுன் உட்கார்ந்தாள். பாப்பா சுவரில் தொங்கிய உலகப் படத்தில் நீல நிறத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். ஞானம்மா டீச்சர் பதிவுப் பாரத்தை விரித்து, பேர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் என்று வரிசையாகக் கேட்டு எழுதினார். பிறகு, “அப்பா இருக்காரா?” என்றார்.

“இருக்காரு, டீச்சர்” என்றாள் நவமணி. “எறந்தும் போயிட்டாரு.”

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே, கையில் கடலைப் பொட்டலத்தோடு பிள்ளைக்காகக் காத்து நின்ற ஆளைப் பார்த்தார். பாரத்தில் உயிரோடு இருக்கிறார், இறந்துவிட்டார் என்று இருந்த இரண்டு கட்டத்திலும் அடையாளம் போட்டார். மை காயும்வரை ஊதிவிட்டு, பிள்ளைக்கு அம்மை ஊசி போட்டாகிவிட்டதா என்று கேட்டார்.